ராத்திரியில் ஒரு பச்சைக் கயிறு

2023 புரட்டாசி. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில், பெண் வீட்டில் ஆறு மாத மாமனார் உத்தியோகத்தில் இருந்தேன். (வேலை: பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்குவது, அடுக்கிய விதம் தப்பு என்று திட்டு வாங்குவது.) ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரிலிருந்து அண்ணி போன். அங்கே காலை ஆறரை. அந்த வேளையில் அண்ணி கூப்பிட்டால் நல்ல சேதியாக இருக்காது.

“தம்பி, நம்ம பையனோட ரூம்ல இருக்கிறவன் சொன்னான்... தினம் ராத்திரி ஒரு கயிறு எடுத்துக்கிட்டு ஏதோ குளத்துப் பக்கம் போறானாம்.”

அதற்கு மேல் அண்ணி பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கயிறு, குளம், ராத்திரி. இந்த மூன்று வார்த்தைக்கு மேல் ஒரு தாயாருக்கு என்ன வேண்டும்? “அண்ணன் எங்கே?” என்றேன். “செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கார். நாலு மணிலேர்ந்து ஊத்திக்கிட்டே இருக்கார்” என்றார்.

பையனுக்கு வேலை போய் நாற்பத்தொரு நாள். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரே ஈமெயிலில் பல பேரை அனுப்பினார்கள், அதில் இவன் ஒருத்தன். ஹெச்-1பி விசாக்காரனுக்கு வேலை போனால் அறுபது நாள் கெடு. 2017-லிருந்து இதுதான் விதி. அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மனு போட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

மாப்பிள்ளை பேசாமல் கார் சாவியை எடுத்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. அதற்குள் குளம் என்று ரூம்காரன் சொல்லியிருந்தான். போய்ச் சேருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. தைல மர வாசனை ஊட்டியை ஞாபகப்படுத்தியது. செல்போன் வெளிச்சத்தில் தடவித் தடவி நடந்தோம்.

மரங்களைத் தாண்டியதும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்து நிறுத்தினார். குளத்துக்கு மேலே, ஆள் உயரத்துக்கும் மேலே, பச்சை நிறத்தில் ஒரு பாம்பு காற்றில் நீந்திக்கொண்டிருந்தது. முன்னால் போகும். ஒரு கணம் நேராக நிற்கும். பிறகு வளைந்து பின்னால் வரும். பிடித்திருக்கும் கை தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஓரடி பின்வாங்கினேன்.

“டோன்ட் ஸ்டாண்ட் பிஹைண்ட் மீ!” என்று இருட்டிலிருந்து ஓர் அதட்டல். தெரிந்த குரல்.

“டேய், நான்தாண்டா.”

“சித்தப்பாவா? தலையக் குனிங்க, தலையக் குனிங்க!”

குனிந்தேன். பாம்பு என் வழுக்கைக்கு மேல் விஷ்ஷென்று போனது.

அது கயிறு இல்லை. இருட்டில் ஒளிரும் தூண்டில் நூல். ஃப்ளை ஃபிஷிங் என்கிறார்களே, அதற்கானது. பையன் உயிரோடு, வியர்த்து விறுவிறுத்து நின்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் மாப்பிள்ளை, “இது எப்படிங்க எரியுது?” என்று ஆரம்பித்துவிட்டார். எஞ்சினீயர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் குடும்ப விவகாரம் பேச முடியாது.

நம் ஊர்த் தூண்டில் எல்லோருக்கும் தெரியும். மண்புழு, தக்கை, ஈயக்குண்டு. வீசினால் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். நுனியில் இருப்பது இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. கனமே இல்லை. கோழி இறகை நாற்பதடி தூரம் எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும். அதனால் கனத்தை நூலில் வைத்துவிட்டார்கள். நைலான் மாதிரி ஒரு இழைக்கு மேல் பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல், தொண்ணூறடிச் சுமாருக்கு. கனத்துக்கு நம்பர் உண்டு. பையன் வைத்திருந்த 5-ம் நம்பரில் முதல் முப்பதடி 9 கிராம் சொச்சம். கழி இந்த நூலை வீசுகிறது. நூல் பூச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறது.

வீசுவது ஒரே வீச்சு இல்லை. முதலில் பின்பக்கம் வீசி நிறுத்த வேண்டும். நூல் முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும் வரை பொறுக்க வேண்டும். அப்புறம்தான் முன்னால். கடிகார முள் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் வருவது போலக் கழி ஆட வேண்டும் என்பது பாலபாடம். 1992-ல் வந்த ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ படத்தில் பாதிரியார் அப்பா மெட்ரோனோமைத் தட்டவிட்டுத் தாளத்தோடு பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பார். (பிராட் பிட்டுக்காகப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்காது.) புதுசாகக் கற்பவன் பின்னால் பொறுக்க மாட்டான். நூல் நீள்வதற்குள் முன்னால் இழுப்பான். சாட்டை மாதிரி ‘பட்’டென்று சத்தம் வரும், பூச்சி அறுந்து போகும்.

கஷ்டம் என்னவென்றால், வித்தையில் பாதி நம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. ஆபீஸ் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“பகல்ல பிராக்டிஸ் பண்ணா நூலைத் தவிர மத்ததெல்லாம் கண்ணுல படும் சித்தப்பா. மரம், நாய், வேடிக்கை பாக்கறவங்க. ராத்திரி இதை வெச்சா நூல் மட்டும்தான். பண்ற தப்பெல்லாம் பச்சையா எழுதிக் காட்டும்.”

காட்டினான். சரியாக வீசும்போது நூல் ஒல்லியான ‘ப’வைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு வளையமாக உருண்டு போகிறது. கழியை நிறுத்தாமல் துடைப்பம் மாதிரி அலைத்தால் வளையம் அகலமாகி, காற்றில் தளர்ந்து, பக்கத்திலேயே விழுகிறது. திடீரென்று பலத்தைப் போட்டால் மேல் நூல் தாழ்ந்து கீழ் நூலைக் குறுக்கே வெட்டி முடிச்சு விழுகிறது. இந்த முடிச்சுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் ‘காற்று முடிச்சு’. காற்று பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. வீசியவன் தப்பு. நம் ஆபீஸில் ‘சர்வர் டவுன்’ என்பதில்லையா, அந்த மாதிரி.

நான் கேட்க நினைத்ததை மாப்பிள்ளை கேட்டார். “மீன் ஏதாவது மாட்டிச்சா?”

“இங்க மீனே கிடையாது.”

நிஜம்தான். 1938-ல் கட்டிய சிமென்ட் தொட்டிகள், மூன்று. தூண்டில் வீசிப் பழகுவதற்கென்றே கட்டினவை. பக்கத்திலேயே கிளப் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கிறார்கள். பொதுஜனங்கள் யாரும் வரலாம். முள் கட்டக் கூடாது, நுனியில் கம்பளி நூல் துணுக்குதான். மீனில்லாத தண்ணீரில் வருஷக்கணக்காக வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபீஸ் விட்டு டையைக் கழற்றிக்கொண்டே வருகிறவர்களும் உண்டாம்.

நூல் மங்கத் தொடங்கியதும் அதைத் தரையில் சுருளாகப் போட்டு டார்ச் அடித்தான். ஒரு நிமிஷம். மறுபடி பளிச். நம் தெருவில் இதைப் பார்த்தால் ‘ரேடியம்’ என்றுதான் சொல்வோம். பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுகிறோமே, அதுவும் ரேடியம்; அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது, பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, அவ்வளவே. அசல் ரேடியம் வேறு கதை. 1917-லிருந்து நியூஜெர்ஸியில் ஆரஞ்ச் என்கிற ஊரில் இளம் பெண்கள் வாட்ச் முகப்பில் ரேடியம் கலந்த வர்ணம் தீட்டினார்கள். தூரிகை கூராக இருக்க உதட்டில் வைத்து நுனி சேர்க்கச் சொன்னார்கள். தாடை எலும்பு அரித்துச் செத்தவர்கள் பலர். வழக்குப் போட்டு 1928-ல்தான் நஷ்டஈடு வாங்கினார்கள், அதுவும் பிழைத்திருந்தவர்கள்.

பையன் கையில் இருந்தது அந்த ஜாதி இல்லை. பழைய ஒளிரும் பொம்மைகளில் இருந்தது துத்தநாக சல்ஃபைடு, சீக்கிரம் மங்கிவிடும். 1993-ல் ஜப்பானில் நெமோட்டோ என்கிற கம்பெனி (வாட்ச்சுக்கு ஒளிரும் வர்ணம் செய்தவர்கள்தான்) ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் துளித்துளி சேர்த்தார்கள். பத்து மடங்கு பிரகாசம், ராத்திரி பூரா மினுக்கும், கதிரியக்கம் கிடையாது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அது கொடுக்கும் பச்சை, இருட்டில் நம் கண்ணுக்கு நன்றாகப் புலப்படும் நிறத்தின் பக்கத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

“இதெல்லாம் எதுக்குடா? ராத்திரி மீன் பிடிக்கவா?” என்றேன்.

அப்போதுதான் அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. மிஷிகனில் ஆ சாபிள் என்று ஒரு ஆறாம். டிரவுட் மீன் நிறைய. (நம் நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அந்தக் குடும்பம்.) அதில் பெரிய பழுப்பு டிரவுட்டுகள் பகலில் தலைகாட்டாது. ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்தில் ‘ஹெக்ஸ்’ என்கிற பெரிய பூச்சி ராத்திரியில் கிளம்பும். மழை விட்டதும் டியூப்லைட்டை மொய்க்கும் ஈசல் மாதிரி. ஒன்றிரண்டு வருஷம் ஆற்றுச் சேற்றுக்குள் புழுவாகக் கிடந்துவிட்டு ஒரு ராத்திரி சிறகோடு வெளியே வரும். வந்தபின் சாப்பிட வாய் கிடையாது. ஒரு நாளோ இரண்டு நாளோ, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, தண்ணீரில் விழும். 2014 ஜூலையில் விஸ்கான்சின் மாநிலம் லா கிராஸ் பக்கம் இதே ஜாதிப் பூச்சிக் கூட்டம் வானிலை ரேடாரில் மழை மேகம் போலத் தெரிந்தது. அந்த விருந்துக்குத்தான் பெரிய மீன்கள் மேலே வரும். கரையில் ஆட்கள் இருட்டில் உட்கார்ந்து, மீன் ‘களக்’கென்று விழுங்கும் சத்தத்தைக் குறி வைத்து வீசுவார்கள்.

அங்கே இந்த ஒளிரும் நூலைக் கொண்டுபோகலாமா என்பதில் சண்டை உண்டு. மீன் மிரளும் என்பவர்கள் ஒரு கட்சி. நூலுக்கும் பூச்சிக்கும் நடுவே ஒன்பதடிக்கு ஒளிராத தங்கூஸ் நரம்பு இருக்கிறதே, என்ன கெட்டுப்போச்சு என்பவர்கள் இன்னொரு கட்சி. நான் கேட்டவரையில் மீனைவிடக் கண்தான் பெரிய பிரச்னை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி ஆகிறது. நூலுக்கு உயிர் கொடுக்க ஒரு டார்ச் அடித்தால் அந்த அரை மணியும் போச்சு. அதனால் நூலைச் சட்டைக்குள் வைத்து டார்ச் அடிப்பது, சிவப்பு விளக்கோடு நடப்பது என்று பல தந்திரங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஒளிரும் நூலுக்கே என் ஓட்டு: பின்னால் நிற்கிறவனுக்கு முள் எங்கே வருகிறது என்று தெரியும். இருட்டில் முள் காதில் ஏறினால் காதோடு போகும், கண்ணில் ஏறினால்? ராத்திரியிலும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வீச வேண்டும் என்றான். அவன் போட்டிருந்தான்.

“அடுத்த ஜூன்ல மிஷிகன் போகணும்னு...” என்றவன் நிறுத்திக்கொண்டான். அடுத்த ஜூனில் அவன் எந்த நாட்டில் இருப்பான் என்பதே தெரியாது.

நான் சும்மா இருக்க முடியாமல் கழியை வாங்கினேன். மூன்றாவது வீச்சில் நூல் என் கழுத்து, மூக்குக்கண்ணாடி, இடது கை மூன்றையும் சேர்த்துக் கட்டியது. மாப்பிள்ளை கேமராவின் கண்ணைச் சில விநாடி திறந்து வைத்து படம் எடுத்தார். படத்தில் நான் இல்லை. ஒரு பச்சை ‘ஜ’ மட்டும் இருந்தது.

சிக்கலைப் பிரிக்கும்போது பையன் மெதுவாகக் கேட்டான். “அம்மா போன் பண்ணாங்களா?”

“ம்.”

“எண்பது இடத்துக்கு மேல அப்ளை பண்ணிட்டேன் சித்தப்பா. பதினோரு இன்டர்வியூ. ‘வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்’னு ஒரே மாதிரி மெயில். எங்க சொதப்பினேன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. ரூம்ல படுத்தா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். இதுல அப்படி இல்ல. இப்ப தப்பு பண்ணா இப்பவே தெரிஞ்சிடுது.”

நான் என்ன சொல்ல? என் காலத்தில் ஒரு வேலையில் சேர்ந்து அதிலேயே ரிடையர் ஆனவன் நான். முடிச்சைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

எட்டு மணிக்கு அண்ணிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அண்ணி, பையன் நல்லா இருக்கான். இதோ பக்கத்துலதான் நிக்கறான். அது கயிறு இல்ல, தூண்டில்.”

ரொம்ப நேரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. “இங்க வாங்க, தம்பி பேசறார், ஒண்ணும் இல்லையாம்” என்று அண்ணனைக் கூப்பிட்டார். வாளி கீழே விழுந்த சத்தம். அப்புறம் குரல் மாறிவிட்டது.

“தூண்டிலா? மீனா பிடிக்கறான்? புரட்டாசி மாசம் தம்பி! அந்த ஊர்ல இதெல்லாம் கிடையாதா?”

“இல்ல அண்ணி, இந்தக் குளத்துல மீனே கிடையாது.”

“மீனே கிடையாதா? அப்புறம் எதுக்குத் தூண்டில் போடறான்?”

போனை அவனிடம் கொடுத்துவிட்டேன்.