பங்களாக்கள் ஹோட்டல்களாகின்றன: நமது பங்கு எங்கே?

துரைமார் குடியிருந்த பங்களாக்கள் மலையகத்தில் ஒன்றன் பின் ஒன்றாகச் சொகுசு ஹோட்டல்களாக மாறி வருகின்றன. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில், கந்தப்பளையில், அப்புத்தளையில், மடுல்கலையில் இதைக் காணலாம். "எங்கள் தோட்டத்துப் பங்களாவையும் அளக்க ஆள் வந்திருக்கிறது, சங்கம் என்ன சொல்கிறது?" என்று தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிகளும் கேட்கிறார்கள். அதற்கான பதிலை இந்த இதழில் சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். ஹோட்டல் வருவதை நாம் எதிர்க்கவில்லை. நமது பிள்ளைகள் ஓ.எல். முடித்தவுடன் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். கடையில் சாமான் கட்டவும், வீடுகளில் சமைக்கவும் போகிறார்கள். 2024ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பலர் மலையக ரயிலில் ஏறி நமது மலைகளைப் பார்க்க வருகிறார்கள். வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில் கௌரவமான ஒரு வேலை கிடைக்குமானால் அதை வேண்டாம் என்று எந்தத் தொழிற்சங்கமும் சொல்லாது. நமது கேள்வி ஒன்றுதான்: இந்த வருமானத்தில் தொழிலாளிக்கு என்ன சேருகிறது?

கணக்கைப் பார்ப்போம். இத்தகைய பங்களாக்களில் ஓர் இரவு தங்குவதற்குப் பல நூறு டொலர் கட்டணம். 500 டொலர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டொலரை 300 ரூபாவாக எடுத்தால் ஒன்றரை இலட்சம் ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அப்படியானால் ஒரு விருந்தாளியின் ஓர் இரவு, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் 111 நாள் பேர். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் நாலரை மாத உழைப்பு. அந்த விருந்தாளி மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் அவர் பணம் கொடுப்பது கட்டிலுக்கும் மெத்தைக்கும் மட்டுமா? ஜன்னலைத் திறந்தால் தெரியும் பச்சை மலைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அந்த மலையைக் காடு வெட்டி, கான் வெட்டி, கல்லடுக்கி, கவ்வாத்து வெட்டி அப்படி வைத்திருப்பது யார்?

இந்த ஹோட்டல்களின் பெருமையே அவற்றின் பழமைதான். சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் 2005இல் பொகவந்தலாவைப் பகுதியில் திறக்கப்பட்ட பங்களாக்களில் டியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அது 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகளில் இன்று படுக்கையறைகள் இருக்கின்றன. பழைய இயந்திரங்கள் துடைத்து மினுக்கிக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. நுவரெலியாவில் உள்ள கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம் 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸின் வாசஸ்தலம். இடிந்து விழ வேண்டிய கட்டடங்கள் இப்படிப் பாதுகாக்கப்படுவது நல்ல காரியமே. தகரமும் பலகையும் கழற்றி விற்கப்பட்ட தொழிற்சாலைகளை நாம் எத்தனையோ பார்த்துவிட்டோம்.

ஆனால் சுவரில் தொங்கும் படங்களில் யாருடைய சரித்திரம் இருக்கிறது? குதிரையில் துரை, வேட்டையில் துரை, வெள்ளிக் கேத்தலோடு துரைசாணி. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தம்பேதன்னை போன்ற தோட்டங்களை வாங்கியதும் விருந்தாளிகளுக்குச் சொல்லப்படுகின்றன. லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு 'லிப்டன் சீட்' என்று பெயரும் இருக்கிறது. அந்த மேட்டுக்குப் பாதை வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே வாந்திபேதியில் மாண்டவர்களின் சரித்திரம் இல்லை. 1948இல் நமது பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதும், 1964 ஒப்பந்தத்தால் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கப்பல் ஏறியதும் இல்லை. 2023இல் மலையகத்துக்கு 200 ஆண்டு நிறைவை ஒட்டி தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். அந்த நடையின் ஒரு படமாவது பங்களாச் சுவரில் தொங்கட்டும் என்று நாம் கேட்பதில் என்ன தவறு?

இன்னொரு விஷயம் நமது பெண்களைப் பற்றியது. கொழுந்து மலையில் வாகனத்தை நிறுத்தி, "சிரிங்கள், கூடையைத் திருப்புங்கள்" என்று படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நின்று படம் கொடுக்கிற பத்து நிமிடத்தில் கொழுந்து குறைகிறது. நிறுக்கும் போது அதற்கு யாரும் கிலோ போட்டுத் தருவதில்லை. கேட்காமல் எடுத்த முகம் விளம்பரப் பலகையில் வருகிறது. சகோதரிகளே, படம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கங்காணியோ ஐயாவோ நிற்கச் சொன்னாலும் அது வேலைக் கட்டளை ஆகாது. ஹோட்டல் ஏற்பாட்டில் விருந்தாளிகளுக்குக் கொழுந்து பறித்துக் காட்டச் சொன்னால், அந்த நேரத்துக்கும் சம்பளம் கணக்கிடப்பட வேண்டும்.

வேலை விஷயத்துக்கு வருவோம். பங்களாவில் குசினி வேலையும் தோட்டவேலையும் நமது ஆட்கள் பரம்பரையாகச் செய்தவை. இன்று அதே வேலை ஹோட்டல் வேலை என்று பெயர் மாறியிருக்கிறது. வரவேற்பு மேசையிலும் கணக்கிலும் முகாமையிலும் நமது பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்தந்தத் தோட்டத்தில் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலமும் சிங்களமும் பேசத் தெரிந்த, உயர்தரம் படித்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பயிற்சிப் பாடசாலைகள் கண்டியிலும் பண்டாரவளையிலும் உள்ளன. ஹோட்டல் திறக்கும் கம்பனி அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தன் செலவில் அங்கே அனுப்பிப் பயிற்ற வேண்டும். இது நமது கோரிக்கை.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் பெற்றோரும் பின்வருவனவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தில் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரிடம் இருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடம் இருந்து 3 வீதமும் போக வேண்டும். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. ஹோட்டல் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பதும், அதை ஊழியர்களிடையே பகிர்வதும் இத்துறையின் வழக்கம். உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஹோட்டல் தொழிலுக்கும் சம்பளச் சபை இருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர் மூலம் வேலைக்கு எடுத்து, "நீ ஹோட்டல் ஆள் இல்லை" என்று கைவிரிக்கும் முறையை ஏற்காதீர்கள். பங்களா வாசலோடு தொழிற்சங்க உரிமை நின்றுவிடுவதில்லை. வேலை செய்யும் இடத்தில் 40 வீதமானோர் அங்கத்தவரானால் அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பது சட்டப்படி குற்றம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய விஷயம் காணி. தோட்டங்களின் நிலம் அரசாங்கத்தினுடையது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அது 2045இல் முடிகிறது. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் கேட்டபோது, "தேயிலை நிலம் குறையும், அளவை முடியவில்லை, மேலிடத்தில் இருந்து கடிதம் வரவில்லை" என்ற பதில்களைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. இன்று பத்து பேர்ச்சஸ் என்று பேசப்படுகிறது. ஆயினும் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை சேர்ந்து படுக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதே தோட்டத்தில் நீச்சல் தடாகத்துக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் நிலம் கிடைக்கிறது. பங்களாவுக்கு ஊற்றுத் தண்ணீர் குழாயில் ஏறுகிறது. லயத்துப் பீலியில் குடம் வரிசை நிற்கிறது. எனவே நாம் சொல்வது இது: ஒரு தோட்டத்தில் சுற்றுலாவுக்கு ஒரு பேர்ச்சஸ் ஒதுக்குவதற்கு முன், அந்தத் தோட்டத்தில் வீடில்லாத குடும்பங்களுக்கு உறுதிப் பத்திரத்தோடு காணி ஒதுக்கப்பட வேண்டும். குடிதண்ணீர் ஊற்றில் கை வைப்பதானால் தோட்ட மக்களின் சம்மதம் பெற வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, உங்கள் தோட்டத்தில் பங்களா, தொழிற்சாலை அல்லது நிலம் சுற்றுலாவுக்கு மாற்றப்படுவதாகத் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். என்ன கட்டடம், எவ்வளவு நிலம், எந்தத் தண்ணீர், எத்தனை வேலை என்ற நான்கு கேள்விகளையும் எழுத்தில் முகாமையாளரிடம் கேளுங்கள். அதன் பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வேலைக்கு விருப்பமான பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தோட்டக் கமிட்டியில் தயாரித்து வையுங்கள். தொண்ணூறு வயது தாத்தா, பாட்டி இருந்தால் அவர்கள் அறிந்த பங்களாக் கதைகளைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வாங்குங்கள். அவற்றை இந்த இதழில் வெளியிடுவோம். நமது சரித்திரத்தை நாமே எழுதி வைத்தால்தான் நாளை அதைச் சுவரில் மாட்டும்படி கேட்க முடியும்.

ஹோட்டல்கள் வரட்டும், விருந்தாளிகளும் வரட்டும். அவர்கள் பார்த்து மகிழும் மலையில் உழைப்பவருக்குச் சொந்தமாக ஒரு வீடும், நியாயமான சம்பளமும், நிமிர்ந்து நிற்கும் மரியாதையும் இருக்க வேண்டும். அதற்காக ஒன்றாக நின்று கேட்போம்.