மாற்றிப் பார்த்துவிடலாம் என்னும் வியாதி

டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், பாதி இடங்களில் முதலில் வரும் பதில் இதுதான்: "பேட்டரியை மாத்திப் பாத்துடலாம் சார்." இந்த 'மாத்திப் பாத்துடலாம்' என்பதை நான் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்தவன் காசில் ஆடும் சூதாட்டம் அது.

டீசல் இஞ்ஜினுக்குப் பெட்ரோல் வண்டி மாதிரி பிளக் கிடையாது, பொறி கிடையாது. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கு டீசலும் காற்றும் போதும். பழைய டிராக்டர்களில் கம்பியை இழுத்துத்தான் இஞ்ஜினை நிறுத்துவோம். மின்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. பின்னால் வந்த பல மாடல்களில் டீசல் பம்பில் ஒரு சொலினாய்டு இருக்கிறது. சாவியைப் போட்டால் 12 வோல்ட் போய் வழியைத் திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும், இஞ்ஜின் செத்துவிடும். ஆக, இந்த வண்டிகளில் மின்கோளாறால் ஓட்டம் நிற்கிறது என்றால் பேட்டரியிலிருந்து சாவி, பியூஸ், ரிலே வழியாகச் சொலினாய்டு வரை போகும் அந்த ஒற்றைப் பாதையைத்தான் சந்தேகப்பட வேண்டும். சில கெஜ நீளமுள்ள ஒயரில் திருடனைப் பிடிக்க வண்டியையே பிரிப்பானேன்?

அது மின்கோளாறுதானா என்பதைக் காதே சொல்லிவிடும். டீசல் வராமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் இழுத்து, திணறி, முக்கி நிற்கும். சாவியைத் திருப்பியதுபோலச் சட்டென்று அணைந்தால் மின்சாரத்தைப் பாருங்கள்.

பாகூரில் என் அண்ணன் மகன் வண்டி வைத்திருக்கிறான். போன வருஷம் நடவுக்கு முன், கேஜ் வீல் போட்டுச் சேற்றுழவு ஓட்டும்போது வண்டி நாளுக்கு நாலு தடவை நின்றது. பட்டறையில் முதலில் பேட்டரி, அப்புறம் டைனமோ, அப்புறம் சாவி சுவிட்ச் என்று வரிசையாக மாற்றினார்கள். 18,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. வண்டி நிற்பதை நிறுத்தவில்லை. வாடகைக்கு ஒப்புக்கொண்ட நிலத்துக்காரர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தப் பட்டம் அவனுக்குப் போனது போனதுதான்.

ஓடுகிற இஞ்ஜின் நிற்பதற்குப் பேட்டரியை ஏன் மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். ஓடும்போது மின்சாரம் தருவது டைனமோ. டைனமோ கெட்டதா என்று தெரிய அதைக் கழற்றவும் வேண்டாம்: வண்டி ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 14 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒரு நிமிஷ வேலை. "அதெல்லாம் அனுபவத்துலயே தெரியும் ஐயா" என்றார் மெக்கானிக். தெரிந்திருந்தால் மூன்று சாமான் எதற்கு?

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். வண்டி கெட்டால் 'பான்' என்போம். வாத்தியார் தெக்கார்த் 1637-இல் எழுதிய நூலை வைத்து எங்களை வறுத்தெடுப்பார். சிக்கலை எத்தனை துண்டாக்க முடியுமோ அத்தனை துண்டாக்கிப் பார் என்பது அதில் ஒரு விதி. அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியதில், ஆதாரம் இல்லாத செலவுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்ற புத்தியும் சேர்ந்துகொண்டது.

துண்டாக்கிப் பார்க்க ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பு போதும். அதன் ஒரு ஒயரைச் சொலினாய்டுக்கு வரும் ஒயரில் சேருங்கள். மற்றதை நேராகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கட்டுங்கள். விசிறி, பெல்ட் பக்கம் ஒயர் போகாமல் பார்த்து, பல்பை ஓட்டுபவர் கண்ணெதிரே தொங்கவிட்டு உழுங்கள். வண்டி நிற்கும் கணத்தில் பல்பும் அணைந்தால் வரும் பாதையில் வெட்டு. பல்பின் ஒயரை ரிலேக்கு, பியூஸுக்கு, சாவிக்கு என ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் இடம் சிக்கும். பல்பு எரிந்துகொண்டே வண்டி நின்றால் சொலினாய்டு, இஞ்ஜினின் எர்த், அல்லது டீசல் பக்கம். சூடேறியபின் நின்று, ஆறியதும் ஓடினால் சொலினாய்டு சுருளின் மேல் சந்தேகம் கூடும்.

எர்த்துக்கும் சோதனை உண்டு. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டில், இன்னொன்று இஞ்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை சரியில்லை.

பல்பு கட்டிய இரண்டாம் நாளே அகப்பட்டது. சீட்டுக்குக் கீழே ஒரு கனெக்டரில் சேற்றுத் தண்ணீர் ஏறிப் பச்சைத் துரு. புது முனை அடித்து, வண்டி அதிர்ச்சியில் ஆடாமல் ஒயரைக் கட்டியதோடு முடிந்தது.

கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகள் வேறு ரகம், கோளாறு எண்ணை அதுவே சொல்லும் என்பார்கள். சொல்லட்டும். சென்சார் என்று எண் வந்தால், சென்சாருக்குப் போகும் ஒயரும் கனெக்டரும்கூட அதே எண்ணை வரவழைக்கும். எண்ணைப் பார்த்ததும் சாமானை மாற்றுவதும் பழைய சூதாட்டம்தான்.

மெக்கானிக் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வயலில் நிற்கும் வண்டி பட்டறையில் ஒழுங்காக ஓடிக்காட்டும். அரை நாள் மீட்டரோடு உட்கார்ந்து துருப்பிடித்த முனையைக் கண்டுபிடித்தால், "ஒரு ஒயருக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் நம் விவசாயிகள்தாம். பேட்டரிக்கு மறுபேச்சில்லாமல் பணம் தருவோம். கண்டுபிடித்த மூளைக்குத் தர மனசு வராது. அப்படியிருக்க அவர் சாமான் விற்கத்தான் பார்ப்பார்.

எனவே பட்டறைக்குப் போகும்போது சோதனைக் கூலி தனியாகத் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். பதிலுக்கு, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது என்று பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். என் அண்ணன் மகனின் பழைய டைனமோவை இன்னொரு கடையில் ஓட்டிப் பார்த்தோம், 14.1 காட்டியது.