கயிற்றைத் தளர விடுவோம்



கடந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, வெளிநாட்டில நாய்களுக்கு மணம் பிடிக்கிற போட்டி வைக்கினமாம். அதில என்ன விளையாட்டு இருக்கு?"

அவர் மிதிவெடி அகற்றும் பணியில் இருப்பவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மிதிவெடி தேடும் நாய் இரும்பைத் தேடுவதில்லை. வெடிமருந்தின் மணத்தையே தேடுகிறது. அதனால் உலோகம் குறைந்த பிளாஸ்ரிக் மிதிவெடியையும் கண்டுபிடிக்கும். மணம் கிடைத்ததும் கிளறாமல் அவ்விடத்திலேயே இருந்துவிடும். அங்கே பிழை நடந்தால் உயிர் போகும்.

போட்டி வேறு விதமானது. அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கென 2009 இல் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. 2017 ஒக்டோபரில் அமெரிக்கன் கெனல் கிளப்பும் இதற்குப் புதிய போட்டிப் பிரிவுகளை ஆரம்பித்தது. கராம்பு போன்ற எண்ணெய்களில் தோய்த்த பஞ்சை ஒளித்துவைப்பார்கள். பெட்டிகளுக்குள், அறைக்குள், வெளியில், புதைத்த இடத்தில் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நாயை நடத்துபவரின் சொந்த மணத்தைத் தேடும் பிரிவும் உண்டு. சாதி நாய், தெரு நாய் என்ற பாகுபாடு இல்லை. ஒவ்வொரு நாயும் தனித்தனியாகவே தேடும். ஆதலால் மற்ற நாய்களைக் கண்டு நடுங்கும் நாயும் பங்குபற்றலாம்.

எனக்குப் பிடித்த விதி ஒன்று உள்ளது. மணம் எங்கே இருக்கிறது என்பது நடத்துபவருக்குத் தெரியாது. நாய் காட்டிக்கொடுக்கும்வரை அவர் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்தால், மணத்துக்குக் கிட்டப் போன நாயை அவரே விலக்கிவிடுவார்.

இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இதே அக்காவின் வீட்டுக்கு முதன்முதலில் போனபோது, படிவத்தை நிரப்பும் அவசரத்தில் காணாமல்போன கணவரைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பிறகு நான்கு தடவை போய், ஒன்றும் கேட்காமல் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். ஐந்தாம் தடவை அவரே பேசத் தொடங்கினார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பேசாத பிள்ளையோ, தூங்காத தாயோ இருக்கலாம். "சொல்லு, சொல்லு" என்று இழுக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். வழியை அவர்களே காட்டுவார்கள்.

வீட்டில் நாய் இருந்தால் பிள்ளைகளோடு இதை விளையாடிப் பாருங்கள். மூன்று வெறும் மட்டைப் பெட்டிகள் போதும். ஒன்றுக்குள் சிறிது கருவாட்டை வைத்து, நாயைத் தேட விடுங்கள். கண்டுபிடித்ததும் பாராட்டுங்கள்.

ஆனால் வீட்டுக்குள்ளோ பாதுகாப்பான முற்றத்திலோ மட்டும் விளையாடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவோ கிட்டப் போகவோ வேண்டாம். உடனே கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப எங்கட கறுப்பனும் போட்டிக்குப் போகலாம்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.