கண்ணாடிக் கிண்ணம் சிக்கனமாம்ல!

மொதல்லயே சொல்லிடுறேன் மக்கா, மீன் வளர்க்காதீங்கன்னு சொல்ற பதிவு இல்ல இது. நல்லா வளருங்க. ஆனா "பட்ஜெட்ல மீன் தொட்டி"ன்னு ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தையும் ரெண்டு தங்கமீனையும் தலைல கட்டுறானுங்க பாருங்க, அந்த ஏமாத்து வேலையைப் பத்தித்தான் புலம்பப் போறேன்.

கிண்ணத்துல பிடிக்கிறது மூணு, நாலு லிட்டர் தண்ணி. தங்கமீன் ஒழுங்கா வளந்தா அரை அடியைத் தாண்டும், பத்து வருசத்துக்கு மேல இருக்கும். கிண்ணத்துலயோ பத்து நாள்ல மிதக்குது. "ராசியில்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த ஜோடி வாங்குறோம். வருசக் கணக்கு போட்டுப் பாருங்க, எது சிக்கனம்?

நம்ம பொட்டி தட்டுற பாஷைல சொல்லணும்னா, தொட்டி ஒரு சர்வர். மீன் கழிவுல அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதை மீன் ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியா கூட்டம் சேர ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். நாம சர்வரை ஆன் பண்ண அன்னிக்கே முழு லோடையும் ஏத்திட்டு, மீன் செத்துருச்சேன்னு அழுறோம். நம்ம வெயில் வேற. தண்ணி சூடானா ஆக்சிஜன் குறையும், அம்மோனியா விஷமும் ஏறும்.

2017ல மத்திய அரசு கிண்ணத்துல மீன் வைக்கக் கூடாதுன்னு கடைகளுக்கு விதி போட்டுச்சு. வியாபாரிகள் எதிர்த்தாங்க, வாபஸ் ஆச்சு. கொளத்தூர் மாதிரி இடத்துல எத்தனையோ குடும்பம் இதை நம்பித்தான் இருக்கு, அவங்க பயம் நியாயம்தான். ஆனா விதியை வாபஸ் வாங்கலாம், அம்மோனியாவை வாபஸ் வாங்க முடியுமா?

சரி, நிஜமான பட்ஜெட் என்ன? ரெண்டடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி பழைய தொட்டி போதும், விளிம்பு வரைக்கும் 56 லிட்டர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், அஞ்சு வாட் ஏர் பம்ப். ராத்திரி பகலா ஓடினாலும் மாசத்துக்கு நாலு யூனிட்கூட வராது. நம்ம ஊருக்கு ஹீட்டர் தேவையே இல்ல. கண்மாய் வேலம்பாசியை ஒரு வாரம் வாளில தனியா வச்சு அலசிட்டுப் போடுங்க. மொத மாசம் மீன் வேணாம், தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும். அப்புறம் ஏழெட்டு கப்பி, ஆண் மட்டும். ஜோடியா விட்டா மாசாமாசம் குட்டி போடும், எங்க கொண்டு போய் வைப்பீங்க? வாரம் கால்வாசித் தண்ணி மாத்துங்க. ஸ்பாஞ்சை எடுத்த தொட்டித் தண்ணிலயே பிழிங்க. குளோரின் கலந்த குழாய்த் தண்ணில கழுவுனா பாக்டீரியா காலி.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். 'டேங்க் கிளீனர்'னு ரெண்டு இஞ்ச்ல ஒரு கருப்பு மீன் தருவாங்க. தென்னமெரிக்கா சரக்கு. ஒரு அடிக்கு மேல வளரும். தொட்டி பத்தலைன்னதும் நம்மாளு 'புண்ணியம்'னு சொல்லிக் குளத்துல விட்டுடுவாரு. சென்னை நீர்நிலைகள்ல ஏற்கனவே பரவிக் கெடக்கு. மீன் புடிக்கிறவங்க வலையைக் கிழிக்கும், முட்டை போட கரையைக் குடையும்.

எங்க வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வந்து யோசிச்சுப் பாருங்க. எங்க புதுக்கோட்டைச் சீமைக்கு கண்மாய்தான் சோறு. மண் கரை. ஒண்ணு நெறஞ்சா கலுங்கு வழியா அடுத்ததுக்குத் தண்ணி போகும், மீனும் கூடவே போகும். ஒருத்தர் ஒரு கண்மாய்ல விட்ட 'புண்ணியம்', விராலும் கெண்டையும் இருக்குற அடுத்தடுத்த கண்மாய்க்கும் போய்ச் சேரும். அதைத் திரும்பப் புடிச்சு எடுக்க எந்தக் கொம்பனாலயும் ஆகாது.

வேண்டாத மீனைக் கடைல திருப்பிக் கொடுங்க, இல்ல வளர்க்கிறவங்களுக்குக் கொடுங்க. வாங்கும்போதே "இது எவ்வளவு பெருசாகும்?"னு கேளுங்க. அந்த ஒரு கேள்விக்குக் காசு பணம் செலவில்ல. அதுக்குப் பதில் சொல்லாத கடைல மீன் வாங்காதீங்க, அம்புட்டுதான்.

திட்டுறவங்க வரிசைல வந்து திட்டிட்டுப் போங்க சாமியோவ்!