டிங்கிக் கிருமியின் குடித்தனம்

பிரிக்ஃபீல்ட்ஸிலோ, கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஒருவர் டிங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டாரென்றால், விசாரிக்க வருகிறவர்கள் பிளேட்லெட் எத்தனைக்கு இறங்கியிருக்கிறது என்று முதலில் கேட்டு, பப்பாளி இலைச்சாறு கொடுத்தாயிற்றா என்று அடுத்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சாற்றை வெறும் பாட்டி வைத்தியமென்று தள்ளிவிடவும் முடியாது; கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அதைக் குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை விரைவாக ஏறியதாகவே சொல்கிறது. ஆயினும் பிளேட்லெட் ஏறுவது வேறு, கிருமி தோற்பது வேறு. கிருமி நம் உயிரணுக்களுக்குள் தன் காரியத்தைப் பெரும்பாலும் முடித்துக்கொண்ட பிறகுதான் பரிசோதனைச் சீட்டில் எண் சரியத் தொடங்குகிறது.

அந்தக் காரியம் விசித்திரமானது. உண்ணவும் செரிக்கவும் சக்தியை உண்டாக்கவும் தனக்கென்று ஒரு சாதனமும் இல்லாமல், பத்தே பத்துப் புரதங்களுக்கான குறிப்பை மட்டும் சுமந்துகொண்டு நுழைகிற இந்த அற்பப் பொருள், உயிரணு துளித்துளியாகச் சேமித்து வைத்திருக்கும் கொழுப்பை உடைத்து, அதிலிருந்து வெளிப்படும் கொழுப்பமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கச் செய்து, அந்தச் சக்தியைக் கொண்டு தன் இனத்தைப் பெருக்கிக்கொள்கிறது என்பதைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் ஹீட்டனும் கிளென் ராண்டலும் 2010இல் எடுத்துக்காட்டினார்கள். அதே ஆண்டில் அவர்கள் கண்ட மற்றொன்று இதனினும் வியப்பானது: கிருமியின் புரதங்களில் ஒன்று, கொழுப்பமிலத்தை உற்பத்தி செய்யும் நொதியைத் தான் பெருகும் இடத்துக்கே வரவழைத்துக்கொள்கிறது. குதிரிலிருக்கும் பழைய நெல்லை அள்ளிச் சமைத்துக்கொண்டே, வீட்டுக்காரனைக் கொண்டே தனக்குப் புதிய அறையும் கட்டிக்கொள்ளும் அழையா விருந்தாளியின் சாமர்த்தியம் இது. குளுக்கோஸையும் அது விட்டுவைப்பதில்லை. டிங்கி தொற்றிய உயிரணுக்கள் வழக்கத்துக்கு மேல் சர்க்கரையை உள்ளிழுக்கின்றன.

அப்படியானால் கொழுப்பைக் குறைத்துக் கிருமியைப் பட்டினி போடலாமே என்ற யுக்தி யாருக்கும் தோன்றும். வியட்நாமில் 300 நோயாளிகளைச் சேர்த்து, கொலஸ்டிரால் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரையைப் பரீட்சித்தே பார்த்தார்கள். தீங்கு நேரவில்லை, ஆனால் சொல்லத்தக்க பிரயோஜனமும் இல்லை. கிருமி சூறையாடும் சாமான்கள் நம் உயிரணுவுக்கும் அன்றாடம் வேண்டியவை. அவற்றை ஓரளவுக்கு மேல் முடக்கினால் நோயாளியையே வருத்துவோம். எனவே மனித சரீரத்துக்குள் இந்தப் போரை வெல்வது சுலபமன்று என்பதே என் அபிப்பிராயம்.

கொசுவின் சரீரத்துக்குள் வெல்லலாம். பல பூச்சியினங்களில் இயல்பாகவே குடியிருக்கும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்குள் புகுத்தப்பட்டால், டிங்கிக் கிருமி அங்கே செழிக்க முடிவதில்லை; கிருமிக்கு வேண்டிய கொலஸ்டிராலுக்கு இந்தப் பாக்டீரியா போட்டியிடுவதும் அதற்கொரு காரணமாகக் கருதப்படுகிறது. கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, நம் நாட்டு உஷ்ணத்தைத் தாங்கும் வோல்பாக்கியா வகையொன்றைத் தேர்ந்து, டிங்கி ஓயாத ஆறு குடியிருப்புப் பகுதிகளில் அத்தகைய கொசுக்களை விட்டுப் பார்த்தது. அப்பகுதிகளில் நோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததென்று 2019இல் வெளியான முடிவு கூறுகிறது. அந்த 2019ஆம் ஆண்டில்தான் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டு, 182 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் பெரும்பங்கினர் நம் சிலாங்கூர் மாநிலத்தவர்.

கொசுவை ஒழிக்கச் சொல்லி அபராதம் விதிக்கிற அரசாங்கமே கொசுவைக் கொண்டுவந்து விடுவதா என்று கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விளங்கச் சொல்ல வேண்டியது சுகாதார இலாகாவின் கடமை, அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமின்றி, அடுக்குமாடிகளில் வாழும் நம்மவருக்குத் தமிழிலும். புகையடிக்கும் வண்டி வந்துபோனால் பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கிறதென்பது மெய்தான்; ஆனால் அந்தப் புகை மருந்துக்கு இங்குள்ள கொசுக்கள் பெரிதும் பழகிவிட்டன. தேங்கிய நீரைக் கொட்டுவதை நிறுத்தாதீர்கள். உங்கள் பகுதியில் வோல்பாக்கியா கொசுக்களை விட அனுமதி கேட்டு ஊழியர்கள் வந்தால், மறுக்காமல் சம்மதம் கொடுங்கள்.