நாவல் சாட்சிக் கூண்டில் நிற்பதில்லை

இவோ ஆந்த்ரிச்சின் ‘திரினா நதியின்மேல் பாலம்’ (1945) நாவலை இரு தரப்பினர் பிழையாக வாசிக்கின்றனர். ஒரு தரப்பு கழுவேற்றக் காட்சியைக் காட்டி, உதுமானிய ஆட்சியின் கொடுமைக்கு இதுவே சான்று என்கிறது. மறுதரப்பு அதே காட்சியைக் காட்டி, இது முஸ்லிம் வெறுப்பு நூல் என்கிறது. தீர்ப்புகள்தாம் எதிரெதிர், வாசிப்பு ஒன்றே. நான்கு நூற்றாண்டுக் கதையை இருவரும் ஓர் அத்தியாயமாகச் சுருக்கிவிட்டனர்.

1914இல் பாலம் தகரும்போது நாவல் யாருடைய மரணத்தோடு முடிகிறது? அலிஹோஜா என்னும் முஸ்லிம் கடைக்காரரின் மரணத்தோடு. மூலத் தலைப்பில் பாலத்தைக் குறிக்கும் ‘ச்சூப்ரியா’ துருக்கியிலிருந்து வந்த சொல். ‘மோஸ்ட்’ என்னும் ஸ்லாவியச் சொல் கைவசம் இருந்தும் ஆந்த்ரிச் அதைக் கொள்ளவில்லை. தலைப்பிலேயே துருக்கியச் சொல்லை ஏந்திய பிரதியை வெறுப்பு என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்க இயலுமா?

துருக்கிய ஆட்சியை அவருடைய 1924ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு கடுமையாகச் சாடியது உண்மையே. ஆயினும் ஆய்வேட்டின் தீர்ப்பை நாவலின்மேல் ஏற்றுவது திறனாய்வு ஆகாது.

1992இல் விஷெகிராட் நகரின் அதே பாலத்தில் போஸ்னிய முஸ்லிம்கள் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டனர். அவர்தம் உறவினர் இந்நூலை ஐயத்தோடு அணுகினால், அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆய்வாளராகிய நமக்கோ அரைகுறை வாசிப்புக்கு அத்தகைய நியாயம் ஏதுமில்லை. வரலாற்றுக்கு ஆவணங்களை நாடுவோம். நாவலை இறுதிப் பக்கம்வரை வாசிப்போம்.