நோட்டு எடுத்துட்டியா?

அன்புச் செல்லங்களே,

பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம்தான். ஒரு கால் செருப்பு வாசலில் கிடக்கிறது, இன்னொன்றைக் காணோம். கணக்கு நோட்டை நேற்று ராத்திரி எங்கேயோ வைத்தாயிற்று. அதைத் தேடப் போனால் பழைய கோலிக்குண்டு ஒன்று கிடைக்கிறது. அதை உருட்டிப் பார்ப்பதில் நோட்டே மறந்து போகிறது. அடுப்படியிலிருந்து அம்மாவின் சத்தம் வேறு!

எப்போதாவது இப்படி நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தினமும் நடந்தால்? தினமும் திட்டு, தினமும் வகுப்புக்கு வெளியே நிற்பது என்றால்? அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளுக்காகவும்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் நான்கு வரி எழுதிப் போட்டால் இரண்டாவது வரியோடு நிறுத்திவிடுவான். கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் சொல்வான், அதுவும் பாதி தப்பாக. சாப்பாட்டு டப்பாவை அவன் தொலைக்காத மாதமே கிடையாது. ஆனால் வராந்தா உத்தரத்தில் குளவி கூடு கட்டியிருப்பதை முதலில் பார்த்து, மற்ற பிள்ளைகளை விலகச் சொன்னவனும் அவன்தான். நான் அவனை வேப்ப மரத்தடியில் நிற்க வைத்தேன். எத்தனை நாள் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

இதற்கு ஒரு பெயர் உண்டு. கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு என்பார்கள். நீளமான பெயர், அதனால் டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிவிட்டார்கள். புதிதாக வந்த நோய் என்று நினைக்காதீர்கள். லண்டன் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் 1902-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இது திமிரினால் வருவதில்லை. அம்மா செல்லம் கொடுத்ததாலும் வருவதில்லை. மூளை வேலை செய்கிற விதத்தில் உள்ள வித்தியாசம் இது. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். 2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கவனத்தையும் திட்டமிடுதலையும் கவனித்துக்கொள்ளும் மூளையின் மேற்பகுதி, மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை வயதுவாக்கில் எட்டுகிற வளர்ச்சியை இவர்களுக்குப் பத்தரை வயதுவாக்கில்தான் எட்டுகிறது என்று அதில் கண்டார்கள். நம் சேரன்மகாதேவி வழியாகப் போகும் செங்கோட்டை ரயில் கிராஸிங்குக்காக நிற்குமே, அதுபோல. தாமதமாக வருகிற ரயிலை யாராவது பிரம்பால் அடிப்பார்களா?

பெண் குழந்தைகளிடம் இது வேறு மாதிரியும் இருக்கும். ஓட்டம் கிடையாது, சத்தம் கிடையாது. ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்டபடி உட்கார்ந்திருப்பார்கள். தொந்தரவு இல்லாததால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. என் வகுப்பிலும் அப்படி எத்தனை பேர் இருந்தார்களோ!

சரி, அன்றாடம் எப்படிச் சமாளிப்பது? உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பீடி சுற்றுகிற அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக் கணக்கு. ஆனால் மடியில் தட்டை வைத்துக்கொண்டு யாரும் ஆயிரத்தை நினைத்து மலைப்பதில்லை. இலையை நனைப்பது, வெட்டுவது, சுற்றுவது, நூல் கட்டுவது என்று ஒவ்வொன்றாக முடித்து, கட்டுக் கட்டாக அடுக்குகிறார்கள். (பீடி வேலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம், சட்டப்படியும் கூடாது. அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.) பன்னிரண்டு கணக்கு வீட்டுப்பாடமா? மூன்று மூன்றாகக் கட்டுங்கள். ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அலாரம் கடிகாரம் இருந்தால் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 'ஞாபகம் வைத்துக்கொள்' என்று ஆயிரம் தடவை சொன்னாலும் இவர்களுக்குப் பலன் குறைவு. ஞாபகத்தைத் தலைக்கு வெளியே வைக்க வேண்டும். வாசல் பக்கம் ஓர் ஆணி அடித்து, பள்ளிப் பையையும் அடையாள அட்டையையும் அதில் மட்டுமே மாட்டுங்கள். ஒரு அட்டையில் பை, நோட்டு, டப்பா, தண்ணீர் என்று பெரிதாக எழுதி, கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள். எழுதப் பிடிக்காவிட்டால் படம் வரைந்து ஒட்டினாலும் போதும். மறுநாளுக்கு வேண்டியதை ராத்திரி படுக்கும் முன்பே எடுத்து வையுங்கள். காலையில் நம் வீடுகளில் நிம்மதியாகத் தேட முடியுமா என்ன?

நன்றாக ஓடியாடி விளையாடுங்கள். நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்கு ஒன்பது வயதில் ஏ.டி.எச்.டி. இருப்பது தெரிந்தது. 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் 23 தங்கம் வாங்கினார். எல்லாரும் பெல்ப்ஸ் ஆகிவிடுவீர்கள் என்று கதைவிட மாட்டேன். நீந்தினால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. தாமிரபரணியில் பெரியவர்கள் துணையில்லாமல் இறங்கவும் கூடாது! 'மாமன்னன்' படத்தில் நடித்த ஃபகத் ஃபாசிலுக்கோ 41 வயதில்தான் இது தெரிய வந்ததாம். 2024-ல் அவரே மேடையில் சொன்னார்.

எனக்கும் இருக்குமோ என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மறதி எல்லோருக்கும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேலாக வீட்டிலும் பள்ளியிலும் தொடர்ந்து சிரமம் என்றால், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். மருந்து தேவையா இல்லையா என்பதும் அவர் முடிவுதான். அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் பார்க்கும் பட்டியலில் இதுவும் உண்டு. அம்மா அப்பாவுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 14416 என்ற இலவச அரசு எண்ணில் மனநலம் பற்றித் தமிழிலேயே பேசலாம்.

பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளே, 'வாலு', 'மறதி மன்னன்' என்று கூப்பிட்டது போதும். மணி அடித்ததும் 'நோட்டு எடுத்துட்டியா?' என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள்.

அந்தப் பையன் சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்தார். ஆமாம், இப்போது 'வந்தார்'தான். கையில் எட்டு வயது மகள். "டீச்சர், இவளையும் தினமும் வெளியே நிறுத்துறாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லணும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் பெஞ்சில், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கரும்பலகை துடைக்க, சாக்பீஸ் எடுத்துவர அவளை அனுப்புங்கள். காலுக்கும் வேலை வேண்டும். எழுதி முடித்த வரைக்கும் பாராட்டுங்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லி அவருக்கும் சொன்னேன்.

போனவர்கள் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். மகள் குடையை விட்டுவிட்டாள். அப்பா செல்போனை விட்டுவிட்டார். அந்தத் தாள் மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்